கரை சேராதவர்கள் – 9: குக்ரியின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள்

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இப்போது கடற்கரை கிடையாது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது மாமல்லபுரமும் அதையொட்டிய கரையோரமும் அந்தப் பக்கம் போய்விட்டன. ஐயங்கார்குளத்துக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் சஞ்சீவிராயர் கோயிலை ஒட்டித் தாத்தாச்சாரியார் வெட்டுவித்த பெரிய குளம், சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதர் எழுந்தருளும் நடவாவிக் கிணறு, மழைக்காலத்தில் பாலாறு. அவ்வளவுதான். அந்த ஊரிலிருந்து ஒரு வாசகர், தாம்பரத்தில் கிளம்பி வங்கக் கடலில் காணாமல்போன ஏ.என்.-32 விமானம் பற்றிய சென்ற வாரக் கட்டுரையைப் படித்துவிட்டுக் கேட்கிறார்: “எங்க பக்கத்துப் பசங்களும் நேவிக்குப் போறாங்க ஐயா. கப்பல் முழுகினா கேப்டன் பேரு பேப்பர்ல வருது. கூடப் போன பசங்க பேரு எங்க வருது?”

நியாயமான கேள்வி. இதற்கு 1971 டிசம்பரில்தான் பதில் தேட வேண்டும்.

ஐ.என்.எஸ். குக்ரி இங்கிலாந்தின் கவ்ஸ் நகரில் கட்டப்பட்டு 1958-ல் நம் கடற்படையில் சேர்ந்த கப்பல். நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட சிறிய ஃபிரிகேட். அந்த டிசம்பர் 3-ஆம் தேதி போர் தொடங்கியது. 4-ஆம் தேதி இரவு நம் ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின; அந்த வெற்றியைத்தான் ஆண்டுதோறும் கடற்படை நாளாகக் கொண்டாடுகிறோம். அதே நாட்களில் குஜராத் கரைக்கு அப்பால் பாகிஸ்தானின் ‘ஹாங்கோர்’ நீர்மூழ்கி பதுங்கியிருப்பது தெரிந்தது. பிரான்சில் கட்டிய புதிய டாஃப்னே வகைக் கப்பல் அது. அதைத் தேடிப் பிடிக்கக் குக்ரியும் அதன் சகோதரக் கப்பலான கிர்பானும் பம்பாயிலிருந்து அனுப்பப்பட்டன. மூன்றாவது சகோதரி குத்தாரில் பாய்லர் அறையில் விபத்து நடந்து, அது ஏற்கெனவே துறைமுகத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டிருந்தது.

தேடப் போனவர்களிடம் இருந்த சோனார் பழையது. தேடப்பட்டவனின் காது அதைவிடக் கூர்மை. போதாக்குறைக்கு, வெயிலில் மேல்நீர் சூடேறிய கடலில் ஒலி நேராகப் போகாமல் வளைந்துவிடும். ஆழத்தில் கிடக்கும் நீர்மூழ்கிக்கு அது இயற்கையே போட்டுக் கொடுக்கும் திரை. குக்ரியில் இருந்த இளம் அதிகாரி லெப்டினன்ட் வி.கே. ஜெயின் இந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர். பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் உருவான ஒரு கருவியைச் சோனாரோடு இணைத்து, அது கேட்கும் தூரத்தைக் கூட்டும் சோதனையில் இருந்தார். அந்தச் சோதனைக்குக் கப்பல் மெதுவாகப் போக வேண்டும். எதிரி நீர்மூழ்கி நடமாடும் இடத்தில் வேகத்தைக் குறைத்துப் போனது சரியா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. என் கருத்து இது: அந்தச் சோதனையைக் கரையிலோ அமைதிக் காலத்திலோ முடித்திருக்க வேண்டும். முடிக்காதது ஜெயினின் தவறல்ல. பழைய கருவியோடு போருக்கு அனுப்பியவர்கள் சொல்ல வேண்டிய பதிலை, புதிய கருவி செய்ய முயன்றவர் தலையில் கட்டுவது அநியாயம். அவரும் அந்த இரவில் திரும்பவில்லை.

டிசம்பர் 9, வியாழக்கிழமை. கார்த்திகை மாதத் தேய்பிறை அஷ்டமி. நிலா எழ நள்ளிரவு ஆகும் என்பதால் கடலில் நல்ல இருட்டு. டையூவுக்கு அப்பால் சுமார் 40 கடல் மைல். இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன் ஹாங்கோர் முதல் டார்பிடோவைக் கிர்பானை நோக்கி விட்டது. அது வெடிக்காமல் போய்விட்டது. இரண்டாவது குக்ரியின் வயிற்றில் பாய்ந்தது. சில நிமிடங்களில் கப்பல் இல்லை. சுதந்திர இந்தியா போரில் இழந்த முதல் போர்க்கப்பல் குக்ரி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகில் எங்குமே ஒரு நீர்மூழ்கி டார்பிடோ விட்டுப் போர்க்கப்பலை மூழ்கடித்தது அதுதான் முதல்முறை.

18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். உயிரோடு மீண்டவர்கள் 67 பேர். இருட்டில் தெப்பங்களைப் பற்றிக்கொண்டு மிதந்தவர்களை மறுநாள்தான் ஐ.என்.எஸ். கட்சால் வந்து ஏற்றிக்கொண்டது.

கேப்டன் மகேந்திர நாத் முல்லாவின் கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தன் மிதவைச் சட்டையை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். மகாவீர் சக்கரம், தபால்தலை, பாடநூல் எல்லாம் அவருக்குக் கிடைத்தன, தகுதியானவர்தான். ஆனால் அவர் நின்றது மேலே, பிரிட்ஜில். செத்தவர்களில் பெரும்பாலானோர் இருந்தது கீழே.

கப்பலின் நேரம் நான்கு மணி நேர வாட்ச்களாக ஓடும். இரவு எட்டு மணிக்கு ஆள் மாறும். பணி முடிந்தவன் கீழே மெஸ் டெக்குக்குப் போய்ச் சாப்பிடுவான், கடிதம் எழுதுவான், சட்டையைக் கழற்றிவிட்டுப் படுப்பான். பணியில் ஏறியவர்களிலும் என்ஜின் அறை, பாய்லர் அறை ஆட்கள் நீர்மட்டத்துக்குக் கீழேதான் இருப்பார்கள். பாய்லர் அறையின் வெக்கையில் நான்கு மணி நேரம் நிற்பவனுக்கு வெளியில் கடல் இருக்கிறது என்பதே பல நாள் கண்ணில் படாது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து விளக்கும் போய்விட்டால், ஒரே ஆள் நுழையக்கூடிய இரும்பு ஏணிதான் வழி. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் அதைத் தேடினால் என்ன நடக்கும் என்பதை நான் விவரிக்கப் போவதில்லை. கீழே இருந்தவர்களில் இத்தனை பேர் போனதற்கு வீரக்குறைவு காரணமல்ல, கப்பலின் அமைப்பே காரணம்.

இவர்கள் யார்? இருபதைத் தாண்டியவர்கள், தாண்டாதவர்கள். அந்தக் காலத்தில் பதினைந்து, பதினாறு வயதிலேயே ‘பாய்ஸ்’ என்று எடுத்து விசாகப்பட்டினத்தில் பயிற்சி கொடுத்தார்கள். ஸ்டோக்கர், சிக்னல்காரர், சோனார் இயக்குபவர், சமையல்காரர், ஸ்டூவர்ட். வீட்டுக்கு மணியார்டர் அனுப்பியவர்கள். இன்று அக்னிவீரர்களாகச் சேருபவர்கள் ஒடிசாவின் சில்கா ஏரிக்கரையில் இருக்கும் ஐ.என்.எஸ். சில்காவுக்குப் போகிறார்கள். பெயர்களும் நிபந்தனைகளும் மாறின; கிளம்புபவர்கள் இன்னமும் இளம் பிள்ளைகள்தான்.

உடல் வராத சாவு வீட்டை வேறுவிதமாக வதைக்கிறது. தந்தி வரும், உடல் வராது. தர்ப்பையில் உருவம் செய்து தீ வைத்துக் காரியம் செய்ய நம் சம்பிரதாயத்தில் இடம் இருக்கிறது. ஆனால், எங்கோ ஒரு கரையில் ஒதுங்கியிருப்பானோ, எதிரியிடம் பிடிபட்டிருப்பானோ என்று நினைக்கும் தாயைத் தீ மூட்டச் சம்மதிக்க வைப்பது யார்? சட்டமும் எளிதானதல்ல. காணாமல்போனவரைப் பற்றி ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்றது 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம். போரில் போனவருக்குப் படையே சான்று தந்துவிடுகிறது. 2017 ஒக்கி புயலில் பறிகொடுத்த கன்னியாகுமரி மீனவக் குடும்பங்களோ இந்த ஏழாண்டுக் கணக்கோடு மோத வேண்டியிருந்தது. எதிர்ப்பக்கத்திலும் இதே துயரம்தான். குக்ரிக்கு ஆறு நாள் முன்னால் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிய ‘காஸி’ நீர்மூழ்கியில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை.

டையூவில் கடலைப் பார்த்த மேட்டில், கண்ணாடிக் கூண்டுக்குள் குக்ரியின் மாதிரி ஒன்றை வைத்து 1999-ல் நினைவிடம் திறந்தார்கள். அதே பெயரில் 1989-ல் வந்த அடுத்த போர்க்கப்பலும் 2021-ல் ஓய்வுபெற்று அருங்காட்சியகமாக டையூவுக்கே போய்விட்டது. டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில், சுதந்திரத்துக்குப் பின் உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நல்லது. ஆனால் செத்தவனின் ஊரில்?

வெள்ளைக்காரன் முதல் உலகப் போருக்குப் பின் நம் கிராமங்கள் பலவற்றில் கல்பலகை பதித்தான்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று. எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. நம் பழக்கம் அதுவல்ல. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது. வீரனின் பெயரோடு, அவனுக்குத் துணை நின்ற நாயின் பெயரையும் அதில் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். செங்கம் வட்டார நடுகற்களைத் தமிழகத் தொல்லியல் துறை தொகுத்து நூலாக வெளியிட்டது 1972-ல், அதாவது குக்ரி மூழ்கிய மறு ஆண்டு. ஐயங்கார்குளத்துக்குப் பக்கத்து உத்திரமேரூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாரிய உறுப்பினருக்கு என்ன தகுதி வேண்டும், எவன் நிற்கக் கூடாது என்பதையெல்லாம் 919-லும் 921-லும் கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர்.

அந்த மண்ணிலும் அதைச் சுற்றியும் இருப்பவர்களைத்தான் கேட்கிறேன். உங்கள் தெருவில், உறவில், 1971-ல் கடற்படைக்குப் போய்த் திரும்பாத ஒருவர் இருந்தால் அவர் பெயர், ஊர், கப்பலில் பார்த்த வேலை, கடைசியாக வந்த கடிதத்தின் தேதி ஆகியவற்றை எங்களுக்கு எழுதுங்கள். குடும்பத்தின் சம்மதத்தோடு அனுப்புங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விவரத்தைச் சரிபார்த்துக்கொண்டு, கிராம சபையில் தீர்மானம் போட்டு, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒரு கல் பதிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பெரிய செலவு ஆகாது. அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே கேட்கலாம்.

(தொடரும்)