தண்டப்பணத் துண்டும் நீதவான் நீதிமன்றமும்

வீதியில் பொலிசார் தண்டப்பணத் துண்டு எழுதினால், எம் மக்களிற் பலர் தோட்டை அடகு வைத்தாவது தபாற்கந்தோரில் பணத்தைக் கட்டிவிடுகின்றனர். பிழை செய்தவருக்கு அதுவே சுருக்கமான வழி. கட்டுவதற்கு 14 நாட்கள் உண்டு. அதுவரை அத்துண்டே தற்காலிகச் சாரதி அனுமதிப்பத்திரம்.

ஆனால் பிழை செய்யாதவர் கட்டியே தீரவேண்டும் என்றில்லை. நீதவான் முன் "நான் சுற்றவாளி" என்று கூறலாம். அப்போது வழக்கு விளக்கத்திற்கு வைக்கப்படும். குற்றத்தை நிரூபிக்க வேண்டியவர்கள் பொலிசாரே. கண்டவர் யாருமிருந்தால் சாட்சிக்கு அழைத்துச் செல்லுங்கள். சட்டத்தரணி இல்லாமலும் பேசலாம். 1978 அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை தரும் உரிமை அது, யாருடைய தயவுமல்ல. மன்றின் மொழி விளங்காவிடில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்குக் காசில்லை. வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையை நாடலாம்.

செலவையும் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தவணைக்கும் பஸ் காசும் ஒருநாட் கூலியும் போகும். சில வேளைகளில் அது தண்டத்தையே விஞ்சிவிடும். ஆயினும் தொடங்கினால் தவணை தவறாதீர்கள். தவறினால் பிடியாணை வரும். தீர்ப்பு எதிராகி, கையில் பணமில்லையென்றால், வட்டிக்கு ஓடுமுன் அங்கேயே நீதவானிடம் நிலைமையைச் சொல்லி, கட்டக் கால அவகாசம் கேளுங்கள்.