காலுக்குப் பிறகே கம்பு

மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு ஆடி அமாவாசைத் தீர்த்தமாட வருவோரில், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்பவர்களும் உண்டு. யானையும் பன்றியும் இறங்கும் அந்த வயல்களுக்கு இராக்காவல் போகிறவர் வெறுங்கையோடு போவதில்லை. சிலம்படி என்னும் கம்பாட்டத்தின் தொடக்கத்தை இப்படியான இடங்களில்தான் தேடவேண்டும் என்பேன். அகத்தியரே முதல் ஆசான் என்கிறது மரபுக்கதை. ஆனால் வாளுக்குக் கொல்லனும் காசும் வேண்டும். மூங்கிலையும் பிரம்பையும் காட்டில் வெட்டிக்கொள்ளலாம். மாடு மேய்ப்பவரும் வழிப்போக்கரும் ஊன்றி நடந்த கோல், ஆபத்து வந்தபோது ஆயுதமாயிற்று.

ஆடுபவரின் நெற்றியளவு உயரம் என்பது கம்புக்குப் பொதுவான கணக்கு. அந்த நீளத்தில்தான் அதன் வலிமை இருக்கிறது. இரு கைகளுக்கும் இடையே 30 செ.மீ. விட்டுப் பிடித்து, பின்கையை அச்சாக்கி முன்கையைத் தள்ளிப் பாருங்கள். அச்சிலிருந்து 120 செ.மீ. தள்ளியிருக்கும் முனை, முன்கையைவிட 4 மடங்கு வேகத்தில் பாயும். முனையின் வேகம் இரட்டித்தால் அடியின் ஆற்றல் 4 மடங்காகும். மெலிந்த பிள்ளையும் வாட்டசாட்டமான ஒருவரைத் தூர நிறுத்த முடிவது இதனால்தான். பிரம்பு உள்ளே கெட்டியானது. வளைந்து கொடுக்கும், மூங்கிலைப்போல் சட்டென்று பிளக்காது.

இவ்வளவு வேகம் கொண்ட பொருளை ஆசான் முதல்நாளே கையில் கொடுப்பதில்லை. முதலில் காலடி. முன்கால் விலக, பின்கால் அதன் இடத்துக்கு வர, இடுப்பு திரும்பி முகம் அடுத்த திசைக்குப் போகும். நாலு திசைக்கும் இதுவே திரும்பத் திரும்ப. பலர் சூழ்ந்துகொண்டால் முதுகுக்குக் காவல் வேறில்லை. திரும்பும் காலும் நிற்காமல் சுழலும் கம்புமே காவல். ஒருவரை வீழ்த்துவதைவிட, அடிபடாமல் வெளியேறி வீடு சேர்வதற்கே இந்தப் பயிற்சி கட்டப்பட்டிருக்கிறது.

போட்டியிலும் இதே நோக்கம்தான். தொடுமுறையில் எதிராளியின் உடலைக் கம்பு தொட்டாலே புள்ளி. எலும்பை முறிக்க வேண்டியதில்லை. முனையில் சாம்பல் அப்பி, படிந்த தடத்தை வைத்து வெற்றியை முடிவுசெய்வதும் உண்டு. பழைய ஆசான்கள் பலர் வர்மமும் எலும்பு முறிவு வைத்தியமும் அறிந்தவர்கள். அடியைக் கற்றுக்கொடுத்தவரே அதை ஆற்றவும் பொறுப்பேற்றார். எனக்கு இந்தக் கலையில் ஆகப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

கிழக்கிலங்கையில் தமிழரும் முஸ்லிம்களும் சிலம்படியைப் பேணி வந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மேடையில் தீப்பந்தச் சுழற்றலுக்கே கைதட்டல் அதிகம் விழுகிறது. பிள்ளைகளை அந்த மேடைக்கு விரைவாக ஏற்றிவிடும் ஆசையில் காலடிப் பழக்கத்தின் மாதங்களை யாரும் சுருக்கிவிடக் கூடாது.