ஒரே எறும்பு, இரண்டு பெயர்கள்

மத்தியதரைக் கடலில் இத்தாலிக்கு மேற்கே இருக்கும் கோர்சிகா தீவிலிருந்து வந்த ஓர் எறும்புக்கு 1870-ல் கார்லோ எமரி பெயர் சூட்டினார்: லெப்டனில்லா ரெவெலியேரி. அந்தத் தீவில் பூச்சிகளைச் சேகரித்துவந்த ரெவெலியேர் என்பவரைக் கௌரவிக்கும் பெயர் அது. எமரிக்கு அப்போது இருபதுகளின் தொடக்கம். பின்னாளில் எறும்பியலின் பெரிய ஆசான்களில் ஒருவராக மதிக்கப்பட்டார். அவர் விவரித்த எறும்பின் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. வெளிர் மஞ்சள் உடல். கண்கள் அறவே கிடையாது. வேலைக்கார எறும்புகள் வாழ்வதும் சாவதும் மண்ணுக்குள்தான்.

அதன்பின் மொராக்கோவிலிருந்து 1899-ல் ஒன்று, அல்ஜீரியாவிலிருந்து 1903-ல் ஒன்று, சார்டீனியாவிலிருந்து 1915-ல் ஒன்று என லெப்டனில்லா பேரினத்தின் பட்டியல் கடலைச் சுற்றி வளர்ந்தது. துனீசியாவின் கைருவான் நகரில் மருத்துவம் பார்த்துக்கொண்டே எறும்புகளை ஆராய்ந்த ஃபெலிக்ஸ் சான்ட்சி என்ற சுவிட்சர்லாந்துக்காரர், அங்கிருந்து சிலவற்றைச் சேர்த்தார். 1994-ல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் இன்னும் சிலவற்றை அறிவித்தார்கள். அவற்றில் ஒன்றுக்குப் பாதாள உலகின் அரசன் புளூட்டோவின் பெயர். இடத்துக்குப் பொருத்தமான பெயர்தான்.

அரிய எறும்பு என்றதும் எண்ணிக்கை குறைவு என்று எடுத்துக்கொள்கிறோம். லெப்டனில்லா விஷயத்தில் அரிதாக இருப்பது அது நம் கையில் சிக்குவது. எறும்பு ஆய்வாளர்கள் வழக்கமாகச் சருகைச் சலிப்பார்கள். தேனோ மீன் துண்டோ வைத்துக் காத்திருப்பார்கள். கிளைகளைத் தட்டி உதிர்ப்பார்கள். இவற்றில் இது அகப்படுவது அபூர்வம். மத்தியதரைக் கோடையில் மேல்மண் காய்ந்து இறுகிவிடும். அப்போது ஈரம் இருப்பது ஆழத்தில்தான். மழைக்காலம் முடியும் தறுவாயில், பாதி புதைந்து கிடக்கும் பெரிய கற்களைப் புரட்டினால் வாய்ப்பு உண்டு.

அதைவிட நம்பகமான வழி, மண்ணைக் கழுவுவது. ஆழத்து மண்ணைத் தோண்டி எடுத்து வாளி நீரில் கலக்குவார்கள். மணல் அடியில் தங்கும். வேர்த்துணுக்குகளோடு சிற்றுயிர்கள் மேலே மிதக்கும். மிதப்பதை மெல்லிய சல்லடையில் வடித்து, விளக்குக்குக் கீழே ஒரு புனலில் பரப்பி வைத்துவிட வேண்டியதுதான். மேலிருந்து காயக் காய, ஈரத்தைத் தேடி உயிர்கள் கீழே இறங்கும். இறங்கிய இடத்தில் ஆல்கஹால் குப்பி காத்திருக்கும். இத்தனையும் செய்து குப்பியில் ஒரு மஞ்சள் துரும்பு கிடந்தால் அந்த நாள் நல்ல நாள்.

அந்தத் துரும்பு லெப்டனில்லாதான் என்று சொல்லப் பழகிய கண்ணுக்கு நேரம் ஆகாது. நுண்ணோக்கியில் முதலில் தெரிவது கண் இல்லாத நீண்ட தலை. அடுத்து, இடுப்பில் அடுத்தடுத்து இரண்டு கணுக்கள். முன்மார்பும் நடுமார்பும் சேரும் இடத்தில் ஓர் அசையும் மூட்டு இருக்கும். இரட்டைக் கணு இடுப்புள்ள பிற எறும்புகள் பலவற்றில் இந்த இடம் இறுகி ஒட்டிப்போயிருக்கும். லெப்டனில்லாவுக்கு அது தாராளமாக வளையும். மண்துகள்களின் சந்துகளில் திரும்பி நுழைபவருக்கு இதைவிட வசதியான உடல் வேறென்ன வேண்டும்!

எந்த லெப்டனில்லா என்ற கேள்விக்குப் பதில் அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. தலையின் நீள அகலம், உணர்கொம்பின் முதல் கணுவின் நீளம், தாடையில் உள்ள பற்கள், மேலிருந்து பார்க்கும்போது இடுப்புக் கணுக்கள் நீண்டிருக்கின்றனவா உருண்டிருக்கின்றனவா என்பது எல்லாம் பார்க்க வேண்டும். இனத்துக்கு இனம் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான். மாதிரியை முக்கோண அட்டையின் நுனியில் ஒட்டும்போது தலை சற்றே சாய்ந்துவிட்டால் அளவு மாறிவிடும். இல்லாத இனம் ஒன்று தாளில் பிறந்துவிடும். ஒரே கூட்டின் எறும்புகளுக்குள் எவ்வளவு வேறுபாடு வரும் என்று பார்க்கப் பல மாதிரிகள் வேண்டும். கையில் இருப்பதோ சில நேரம் ஒன்றோ இரண்டோ.

புதிய இனம் என்று தீர்மானித்தால், விலங்கியல் பெயர்சூட்டு விதிகளின்படி, வழக்கமாக ஒரே ஒரு மாதிரியை மூல மாதிரியாக அறிவித்து, அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று அச்சில் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து அந்தப் பெயர் அந்த ஓர் உடலோடு கட்டப்பட்டது. நூறு ஆண்டு கழித்துச் சந்தேகம் வந்தாலும் தீர்ப்புச் சொல்ல வேண்டியது அந்த உடல்தான். எமரியின் சேகரிப்பு ஜெனோவாவிலும் சான்ட்சியுடையது பேசலிலும் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. வகைப்பாட்டியலைத் தூசி படிந்த வேலை என்று நினைப்பவர்கள் ஒருமுறை இதை யோசித்துப் பார்க்கலாம்: அந்த அட்டைத்துண்டுகள் தொலைந்துபோனால் பெயர்கள் வெறும் சொற்களாகிவிடும்.

இந்த எறும்பில் கடுமையான ஒரு சிக்கல் உண்டு. வேலைக்கார எறும்புக்கும் ராணிக்கும் சிறகு கிடையாது; மண்ணை விட்டு வருவதில்லை. ஆணுக்குச் சிறகும் உண்டு, கண்ணும் உண்டு. அது வெளியே பறந்து வந்து விளக்குப் பொறிகளிலும் வலைப் பொறிகளிலும் விழுகிறது. ஆக, ஒரு கை மண்ணிலிருந்து வேலைக்காரர்களை எடுத்துப் பெயர் வைக்க, இன்னொரு கை காற்றிலிருந்து ஆண்களைப் பிடித்துப் பெயர் வைத்தது. உருவத்தில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் தெரியாது. சான்ட்சி 1907-ல் துனீசியாவிலிருந்து ஆண்களை மட்டும் கொண்டு இனங்களை விவரித்தார். மாம்பூவுக்கு ஒரு பெயர், மாம்பழத்துக்கு இன்னொரு பெயர் வைத்துவிட்டு இரண்டும் வெவ்வேறு மரம் என்று நம்புவதைப் போன்ற நிலை. இந்தப் பேரினத்தில் பெரும்பாலான இனங்களுக்கு இன்றும் இரண்டில் ஒரு வடிவம்தான் தெரியும்.

இன மட்டத்தில் மட்டுமா, பேரின மட்டத்திலும் இப்படி நடந்தது. ஜாவா தீவின் ஆண் எறும்பை வைத்து 1930-ல் ஃபவுலோமிர்மா என்று தனிப் பேரினமே உருவாக்கினார்கள். அது லெப்டனில்லாவுக்குள் அடங்கியது என்று ஆய்வாளர் ஸாக்கரி கிரீபெனோ நிறுவியது 2021-ல். அதேபோல இஸ்ரேலிலும் இந்தியாவிலும் கிடைத்த ஆண்களைக் கொண்டு யெஹோஷுவா குக்லர் 1987-ல் யாவ்னெல்லா என்ற பேரினத்தை அமைத்தார். அதன் வேலைக்கார எறும்பு எப்படி இருக்கும் என்று முப்பத்தைந்து ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. ஈரானின் நிலத்தடிப் பாறை இடுக்குகளிலிருந்து நீண்ட கால்களோடு வெளிறிய ஓர் எறும்பு வந்தது. அதன் மரபணுவை ஆண்களின் மரபணுவோடு ஒப்பிட்டபோது அதுதான் யாவ்னெல்லாவின் முதல் வேலைக்கார எறும்பு என்று தெரிந்தது. அறிவிப்பு வந்தது 2022-ல்.

பெயருக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இதன் வாழ்க்கையைத்தான் காட்ட வேண்டும். மத்தியதரை இனங்களை உயிரோடு நெருங்கிப் பார்ப்பது கடினம் என்பதால், நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஜப்பானிய உறவினரிடமிருந்து வந்தது. ஆய்வாளர் கெய்ச்சி மசுகோ லெப்டனில்லா ஜபோனிகாவை ஆராய்ந்தார். ஒரு கூட்டில் சுமார் நூறு வேலைக்காரர்கள். உணவு, மண்ணுக்குள் வாழும் மெல்லிய நீண்ட பூரான். தம்மைவிடப் பன்மடங்கு பெரிய அந்தப் பூரானைச் சூழ்ந்து கொட்டிச் செயலிழக்க வைத்து, தம் கூட்டின் இளம் புழுக்களைத் தூக்கிவந்து அதன்மேல் விடுகின்றன. ஒவ்வொரு புழுவின் முன்மார்பிலும் தூக்குவதற்கென்றே ஒரு புடைப்பு இருக்கிறது. ராணி பூரானைத் தொடுவதில்லை. புழுக்களின் உடலில் பக்கத்துக்கு ஒன்றாக உள்ள சிறு துளை உறுப்பில் வாய்வைத்து, அவற்றின் ரத்தத்தைக் குடித்தே முட்டை வைக்கிறது. புழு சாவதில்லை, கொடுத்துவிட்டு வளர்கிறது.

முன்பு வகைப்பாட்டில் லெப்டனில்லாவைப் படையெறும்புகளின் பக்கத்தில் வைத்திருந்தார்கள். 2008-ல் அமேசான் மண்ணிலிருந்து மார்ஷியாலிஸ் என்ற எறும்பு அறிவிக்கப்பட்டபின், மரபணு ஆய்வுகள் வேறு கதை கூறின. எறும்புக் குடும்பத்தின் மற்ற எல்லாக் கிளைகளிலிருந்தும் முதலில் பிரிந்த கிளையில் மார்ஷியாலிஸும் லெப்டனில்லாவின் துணைக்குடும்பமும் ஒன்றாக நிற்கின்றன என்று 2019-ல் வெளியான விரிவான ஆய்வு காட்டியது. விவரிக்கப்பட்ட எறும்பினங்கள் 14,000-க்கும் மேல். அத்தனைக்கும் தூரத்து உறவான ஒரு கிளையின் பிரதிநிதி, கோர்சிகாவில் கல்லுக்கடியில் இருக்கிறது.

ஆகவே மத்தியதரைக்கு இப்போது தேவைப்படுவது பழைய இடங்களுக்குத் திரும்பிப் போவது. மூல மாதிரி எடுத்த ஊருக்கே சென்று, மழைக்குப்பின் மண்ணைக் கழுவி வேலைக்காரர்களை எடுக்க வேண்டும். ஆண்கள் பறக்கும் பருவத்தில் அதே இடத்தில் பொறி வைக்க வேண்டும். இரண்டின் மரபணுவையும் வரிசைப்படுத்தி ஒப்பிட வேண்டும். சேர்ந்துவிட்டால் விதி தெளிவானது: எந்தப் பெயர் முதலில் அச்சேறியதோ அதுவே நிற்கும். சான்ட்சியின் 1907-ஆம் ஆண்டு ஆண்களில் ஒன்று எமரியின் எறும்புக்குச் சொந்தமானது என்று நிரூபணமானால், 1870-ஆம் ஆண்டுப் பெயர்தான் இருவருக்கும்.