மரக்காணத்திலிருந்து மெரினா அரீனாவுக்கு ஒரு பந்தாட்டப் பயணம்

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுபோகும். பாத்திகளில் மழைநீர் தேங்கிவிட்டால், வெயில் திரும்பி நீர் வற்றும் தை மாதம் வரை உப்பு வாருவதற்கு வழியில்லை. பெரும்பாலான ஆண்டுகளில் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டிகள் சூடுபிடிப்பதும் இதே மாதங்களில்தான். கடற்கரை மணலில் பந்து உதைத்து வளரும் இளைஞர்களுக்கு ஆண்டிலேயே அதிகம் நேரம் கிடைப்பதும், கையில் காசு குறைவாக இருப்பதும் இந்தக் காலத்தில்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வேலையில்லா மாதங்களுக்காக, 2022 முதல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கிவருகிறது. அப்படியொரு வீட்டுப் பிள்ளை சென்னையின் எஃப்.சி. ஆடுவதை நேரில் பார்க்க ஆசைப்பட்டால், செலவையும் நேரத்தையும் எண்ணித்தான் கிளம்ப முடியும்.

போக வேண்டிய இடம் சென்னை பெரியமேட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம். சுமார் 40,000 பேர் அமரலாம். 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த களம் இது. 2014-ல் சென்னையின் எஃப்.சி. தொடங்கப்பட்ட பிறகு ரசிகர்கள் இதை ‘மெரினா அரீனா’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். 2015-லும் 2017-18 பருவத்திலும் கோப்பையை வென்ற அணியின் சொந்த மண் இதுதான்.

மரக்காணத்திலிருந்து சென்னை ஏறக்குறைய 120 கிலோமீட்டர். ஊரில் ரயில் நிலையம் கிடையாது. ஆகவே இந்தப் பயணத்தைத் திட்டமிடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இரவு எப்படி ஊர் திரும்புவது என்பதுதான்.

ஆட்டம் மாலை 7.30-க்குத் தொடங்கினால், இரண்டு பாதிகளும் இடைவேளையும் கூடுதல் நிமிடங்களும் சேர்ந்து முடிய 9.25 ஆகிவிடும். கூட்டத்தோடு கூட்டமாக வெளியேறிச் சாலைக்கு வரும்போது மணி பத்தை நெருங்கும். நடந்துபோகும் தூரத்திலேயே சென்ட்ரல் மெட்ரோ நிலையம் இருக்கிறது. அங்கிருந்து பச்சை வழித்தட ரயில் நேராகக் கோயம்பேடு போகிறது. மெட்ரோ இரவு 11 மணி அளவில் நின்றுவிடும் என்பதால், வெற்றிக் கொண்டாட்டத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்வது நல்லது. கோயம்பேட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். வண்டி மரக்காணத்தில் நிற்குமா என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுவிட வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தாலும் வீடு சேர நள்ளிரவு தாண்டிவிடும். உப்பு வாரும் பருவத்தில் வரும் ஆட்டம் என்றால், விடியலில் அளத்தில் இறங்க வேண்டியவருக்கு மறுநாள் கூலியும் போய்விடும். அந்தக் கூலியையும் பயணச் செலவோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

திரும்பும் வழி முடிவாகிவிட்டால் போகும் வழி எளிது. மதியம் ஒரு மணிக்கு ஊரில் பேருந்து ஏறலாம். மாமல்லபுரம் முதல் மரக்காணம் வரை சாலையை நான்கு வழியாக்கும் பணிகள் நடந்துவருகின்றன. மரக்காணம்–புதுச்சேரி இடையிலான 46 கிலோமீட்டர் விரிவாக்கத்துக்கும் 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வேலை நடக்கும் இடங்களில் வண்டிகள் ஊர்ந்து போகலாம் என்பதால் அரைமணி, ஒருமணி நேரம் கூடுதலாக ஒதுக்குவது நல்லது. திருவான்மியூரில் இறங்கி, டைடல் பூங்காவை ஒட்டிய பறக்கும் ரயில் நிலையத்துக்குப் போனால், நகர நெரிசலில் சிக்காமல் பார்க் டவுன் சேர்ந்துவிடலாம். தண்டவாளப் பணிக்காகச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தப்பட்டிருந்த இந்த ரயில்கள், 2024 அக்டோபர் முதல் மீண்டும் கடற்கரை நிலையம் வரை ஓடுகின்றன. பார்க் டவுனில் இறங்கிச் சாலையைக் கடந்தால் சென்ட்ரல், ரிப்பன் மாளிகை. அரங்கம் அங்கிருந்து நடைதூரம்தான்.

டிக்கெட்டை முன்கூட்டியே கைபேசியில் எடுத்துவிடலாம். வாசலில் கூட்டம் கூடும்போது இணைய வேகம் குறையக்கூடும். டிக்கெட்டின் படத்தைக் கைபேசியில் சேமித்து வைத்துக்கொண்டால் வரிசையில் நின்று தவிக்க வேண்டாம். அதில் எந்த வாயில் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் முன்பே பார்த்துவைக்க வேண்டும். வட்டமான பெரிய அரங்கில் தவறான வாயிலுக்குப் போய்விட்டால் சுற்றிவர நெடுநேரமாகும்.

இருக்கையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். நேரு அரங்கில் ஆடுகளத்தைச் சுற்றித் தடகள ஓடுபாதை இருக்கிறது. அதனால் முன்வரிசையில் அமர்ந்தால் வீரர்கள் நெருக்கமாகத் தெரிவார்கள் என்று நம்பிவிடக் கூடாது. தாழ்வான வரிசைகளிலிருந்து பார்க்கும்போது மறுபக்கத்தில் ஆடும் வீரர்கள் ஒருவரையொருவர் மறைத்துவிடுவார்கள். நடு உயர வரிசைகளில் அமர்ந்தால் பந்து நகரும் வழி முழுவதும் விளங்கும். பாட்டும் பறையொலியுமாகத் தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டே பார்க்க விரும்புகிறவர்கள், சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் புளூஸ் போன்ற ரசிகர் குழுக்கள் கூடும் பகுதியைத் தேடிப் போகலாம். குழந்தைகளோடு வருபவர்களுக்கு அதைவிட அமைதியான பகுதியே ஏற்றது.

சோதனையில் தண்ணீர் பாட்டில், தீப்பெட்டி, பட்டாசு, தலைக்கவசம் போன்றவற்றைப் பொதுவாக உள்ளே விடுவதில்லை. மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் தலைக்கவசத்தை எங்கே வைப்பது என்பதை முன்பே யோசித்துவிட வேண்டும்.

மழையை மறந்துவிடக் கூடாது. 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணம் அருகேதான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, சென்னையின் அணி தன் சொந்த மண்ணில் ஆடவேண்டிய அரையிறுதி ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வீழ்த்தி, கோவாவில் நடந்த இறுதிப்போட்டியில் கோப்பையையும் அந்த அணி வென்றது. மழை மட்டுமல்ல, 2025-ல் ஒப்பந்தச் சிக்கலால் லீக்கே வழக்கமான காலத்தில் தொடங்கவில்லை. அட்டவணையையும் வானிலை அறிவிப்பையும் பயணத்தன்று காலையிலும் ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம்.

கூட்டத்தில் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் மேலானது. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்கால்–மோகன் பகான் ஆட்டத்தில் மூண்ட கலவரத்தில் ரசிகர்கள் 16 பேர் இறந்தார்கள். 1989-ல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ அரங்க நெரிசல் 97 உயிர்களைப் பலிகொண்டது. உள்ளே நுழைந்ததும் அருகிலுள்ள வெளியேறும் வழியைப் பார்த்துவைப்பது, பிரிந்துபோனால் சந்திக்க ஓர் இடத்தைக் குறித்துக்கொள்வது, பிள்ளைகளின் சட்டைப்பையில் தொலைபேசி எண்ணை எழுதிவைப்பது ஆகிய மூன்றையும் தவறாமல் செய்ய வேண்டும்.

பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வேன் பிடித்தால் இரவுப் பேருந்துக் கவலை தீரும். ஆனால் தனியாக வரும் கல்லூரி மாணவருக்கும், சேர்த்துவைத்த பணத்தில் ஒரே ஓர் ஆட்டம் பார்க்க வரும் தொழிலாளிக்கும் அது முடியாது. சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். ஆட்டங்கள் நடக்கும் இரவுகளில், போட்டி டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவில் இலவசமாகப் பயணம் செய்யும் வசதி தரப்பட்டிருக்கிறது; ரயில்கள் நள்ளிரவு தாண்டியும் ஓடியிருக்கின்றன. கால்பந்து நாட்களில் கோயம்பேட்டிலிருந்து இரவு 11 மணிக்கு மேல், மாமல்லபுரம், மரக்காணம் வழியாக ஒரே ஒரு அரசுப் பேருந்து உறுதியாகக் கிளம்பும் என்று முன்கூட்டியே அறிவித்தால் போதும். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் ரசிகர்கள், கடிகாரத்தைப் பார்த்து எண்பதாவது நிமிடத்தில் எழுந்து ஓடாமல், கடைசி விசில் வரை உட்கார்ந்து பார்ப்பார்கள்.