உங்களுக்குத் தெரியுமா? மிரளும் மயில் குஞ்சும் பணியும்!

மாத்தளை மாவட்டத்து எல்கடுவ தேயிலை மலையில் இருக்கிறது. அதே மாவட்டத்தின் தம்புள்ளை, சீகிரியா பக்கமோ மயில்களின் சொந்த மண்! வறண்ட வலயத்துப் பறவை என்றிருந்த மயில், இன்று இலங்கையின் ஈரவலயத்திலும் அகவுகிறது!

மயில் முட்டை பொரிக்க 28 நாள். கோழி முட்டைக்கு 21 நாள்தான். மயில் முட்டைக்குக் காவல் வைத்த அடைக்கோழி முழுதாக ஒரு வாரம் கூடுதலாக அடைகாக்க வேண்டும்!

பொரித்து இரண்டே வாரத்தில் மயில் குஞ்சு பறக்கத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே மரக்கிளைக்குப் போகும் குஞ்சும் உண்டு. எப்படி? தாயின் முதுகில் ஏறி!

கீச் கீச்சென்று விடாமல் கத்துகிறதா? பயம் மட்டும் காரணமல்ல. குளிர்! முதல் வாரத்தில் குஞ்சுக்குத் தேவையான சூடு ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ். ஒரு மின்குமிழை ஏற்றிப் பாருங்கள், பாதிக் கலவரம் அடங்கிவிடும்! மயிலுக்குப் போர்வை தந்த பேகன் கடையெழு வள்ளல்களில் ஒருவன். குஞ்சு மயிலைப் பொறுத்தவரை அவன் செய்தது நூற்றுக்கு நூறு சரி!

கோழிக் குஞ்சு தரையில் தானே கொத்தித் தின்னும். மயில் குஞ்சின் கதை வேறு. தாய் இரையை அலகு நுனியில் பிடித்து நீட்டும். குஞ்சு அந்த அலகிலிருந்தே வாங்கித் தின்னும்! மயில் வளர்ப்பவர்கள் கையால் ஊட்டிப் பழக்குவதும் இதே வழியில்தான்!

மிரண்ட குஞ்சுக்கு எது பிடிக்கும்? புழு! கறையான்! கொஞ்சம் வளர்ந்ததும் உடைத்த கச்சான்! தட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளங்கையில் வைத்து அசையாமல் இருங்கள். அதுவே வரும்!

நின்றுகொண்டு கூப்பிட்டால் வராது. தரையில் உட்காருங்கள்! மேலிருந்து இறங்கும் கை, குஞ்சின் கண்ணுக்குப் பருந்து. கீழிருந்து நீளும் கைதான் தீனி!

ஒற்றைக் குஞ்சு ஓயாமல் நடுங்கும். அதே வயதுக் கோழிக் குஞ்சு ஒன்றைக் கூட விடுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு தூங்கிவிடும்!

மயிலை அமைதிப்படுத்த மருந்து வேண்டாம், இருட்டு போதும்! தலையில் மெல்லிய துணியைப் போட்டால் படபடப்பு குறையும். வேட்டைப் பருந்து வளர்த்தவர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்த வித்தை இது!

துரத்திப் பிடித்தால் பறவை சாகலாம்! மிதமிஞ்சிய பயமும் ஓட்டமும் சேர்ந்து தசைகளைச் சிதைக்கும். பிடித்துச் சில நாள் கழித்தும் உயிர் போகலாம்!

வாத்துக் குஞ்சு யாரைத் தாயாக ஏற்கும் என்பது பொரித்த 13 முதல் 16 மணி நேரத்துக்குள் மிக ஆழமாகப் பதிகிறதாம். கண்டறிந்தவர் ஆய்வாளர் எக்கார்ட் ஹெஸ்!

மயிலுக்கும் இப்படி நடக்கும்! வியன்னாவின் ஷோன்புரூன் மிருகக்காட்சிசாலையில் ஒரு மயில் குஞ்சைக் குளிரிலிருந்து காப்பாற்ற ராட்சத ஆமைகளின் அறையில் வளர்த்தார்கள். பிழைத்தது. வளர்ந்தது. தோகை விரித்தது, ஆமைகளுக்கு மட்டும்! பெண்மயில்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை! இதை எழுதியவர் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரன்ஸ்!

அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்த ஆண்மயில், வளர்ந்தபின் உங்களையே எதிராளியாக நினைத்துப் பாயலாம். காலில் கூரிய முள் இருக்கிறது, கவனம்! பளபளக்கும் காரில் தெரியும் தன் உருவத்தையே கொத்தும் மயில்கள் உண்டு!

அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர் 1952இல் மயில் வளர்க்கத் தொடங்கினார். 1961இல் அவர் சொன்ன எண்ணிக்கை 40!

புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலையில் கூண்டு இல்லை, கயிறு இல்லை, பயிற்சியாளரும் இல்லை. முருகன் கோயில் மலையில் காட்டு மயில்கள் மனிதர் நடுவே திரிகின்றன! யாரும் கல்லெறியாத இடத்தில் மயில் தானே பழகிவிடும்!

மயிலின் மிரட்சி குறையல்ல, காட்டுக்கே காவல்! சிறுத்தையோ புலியோ நடமாடினால் மயில் கத்தும். மான்கள் உடனே உஷாராகும்!

1963 முதல் மயில் இந்தியாவின் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைப் பிடிப்பது குற்றம். இலங்கையிலும் 1937ஆம் ஆண்டிலிருந்தே வனவிலங்குகளைக் காக்கச் சட்டம் இருக்கிறது!

ஆகவே, தோட்டப் பாதையில் தனியாக நிற்கும் மயில் குஞ்சைக் கண்டால் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தாய் பெரும்பாலும் பக்கத்துப் புதரில்தான் இருக்கும். நாயைக் கட்டிப்போடுங்கள், பிள்ளைகளை விலக்குங்கள், நீங்களும் விலகி நில்லுங்கள். காயம்பட்டிருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்!