கையால் அடைத்த தோட்டா

கடையில் விலைக்குக் கிடைக்கும் பண்டத்தை ஒருவன் இராக் கண் விழித்து வீட்டிலேயே செய்துகொள்கிறான் என்றால், "பாவம், கையில் காசு இல்லை" என்று சிலர் இரங்குவார்கள். "புத்தி சரியில்லை" என்று வேறு சிலர் சிரிப்பார்கள். இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. கடைப் பண்டம் ஊருக்கெல்லாம் பொதுவாகச் செய்தது. தனக்கென்று செய்துகொள்வதோ தன் அளவுக்குப் பொருந்துவது. தையற்காரனிடம் அளவு கொடுத்துச் சட்டை தைத்துக்கொள்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் துப்பாக்கித் தோட்டாவையே இவ்விதம் வீட்டில் அடைத்துக்கொள்கிறவர்கள் அநேகர். துப்பாக்கியைத் தொட்டறியாத நம் வாசகர்களுக்கு அந்த வித்தையால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். அதிலே எல்லோருக்கும் உதவும் பாடம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 'வுட்சக்' என்னும் பிராணி உண்டு. அணில் குடும்பத்தைச் சேர்ந்தது. உருவத்தில் ஒரு பூனையளவு இருக்கும். புல்வெளிகளிலும் அவரைத் தோட்டங்களிலும் வளை தோண்டி வாழ்வது. பயிரைத் தின்பது போதாதென்று, அதன் வளைக்குள் மாடும் குதிரையும் காலை விட்டு ஒடித்துக்கொள்கின்றன என்பது குடியானவர்களின் முறையீடு. ஆளரவம் கேட்டால் மறைந்துவிடும். ஆகையால் நூற்றைம்பது, இருநூறு கஜ தூரத்திலிருந்தே அதைச் சுட வேண்டியிருக்கிறது.

அதைக் கொல்வது தர்மமா என்பது வேறு கேள்வி. அதை இங்கே தீர்த்துவிட நாம் முன்வரவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். குறி ஓரிரண்டு அங்குலம் விலகினால் அந்தப் பிராணி சாவதில்லை. காயத்தோடு தவழ்ந்து வளைக்குள் புகுந்து, இருட்டிலே கிடந்து, மெல்ல மெல்ல உயிர் விடும். நூறு கஜத்தில் மூன்று அங்குல வட்டத்துக்குள் குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி, இருநூறு கஜத்தில் ஆறு அங்குலமாவது சிதறவிடும். வுட்சக்கின் தலையோ இரண்டு மூன்று அங்குலந்தான். கொல்லத் துணிந்தவன் ஒரே நொடியில் கொல்லவாவது கடமைப்பட்டவன். நுட்பத்தின் மேல் அங்குள்ளவர்கள் கொண்ட பிடிவாதத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வேலைக்கு அவர்கள் விரும்புவது, குழலின் வாய் கால் அங்குலத்துக்கும் குறைந்த சிறு ரைபிள். 1920-க்கு மேற்பட்ட ஆண்டுகளில், ஸ்பிரிங்பீல்டு ஆயுதச் சாலையைச் சேர்ந்த சில உத்தியோகஸ்தர்கள், 1885-இல் வெளிவந்த பழைய தோட்டா ஒன்றை எடுத்துப் புது மருந்தும் புதுக் குண்டும் வைத்துப் பரீட்சை செய்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'ஹார்னெட்' என்னும் தோட்டா. 1930-இல் வின்செஸ்டர் கம்பெனியார் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதற்கேற்ற துப்பாக்கியை எந்தத் தொழிற்சாலையும் செய்யவில்லை! குதிரை வருவதற்கு முன்பே லாடம் வந்த கதைதான். துப்பாக்கி பின்னால் வந்தது.

தோட்டாவில் உறுப்புகள் நான்கு: பித்தளைக் கூடு, அதன் அடியில் நெருப்புப் பற்றவைக்கும் கேப்பு, உள்ளே மருந்து, வாயிலே குண்டு. சுட்டபின் கூடு மட்டும் மிஞ்சும். அதைத் துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, அச்சிலே அழுத்திப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்து, நீளத்தைச் சரிசெய்து, புதுக் கேப்பு பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைச் செருகுவதே கையால் அடைக்கும் முறை.

மருந்தை நிறுக்கும் அளவை 'கிரெயின்'. ஒரு ராத்தலுக்கு 7,000 கிரெயின். ஒரு தோலாவுக்கு 180. பெரிய ரைபிளுக்கு ஐம்பது கிரெயின் மருந்து பிடிக்கும் என்றால், அதிலே அரைக் கிரெயின் பிசகு நூற்றுக்கு ஒரு பங்குதான். பன்னிரண்டு கிரெயினே பிடிக்கும் சிறு தோட்டாவில் அதே பிசகு நூற்றுக்கு நாலு பங்காகிவிடுகிறது. பத்துப் படி அரிசிச் சோற்றில் ஒரு சிட்டிகை உப்புக் கூடினால் யாருக்கும் தெரியாது. குழந்தைக்குக் கரைத்த கஞ்சியிலே கூடினால் குழந்தை துப்பிவிடும். மேலும், சுட்ட கணத்தில் குழல் மீட்டிய தந்தியைப் போல அதிர்கிறது. ஒவ்வொரு குண்டும் அந்த அதிர்ச்சியின் ஒரே நிலையில் வெளியேறினால்தான் ஒரே இடத்தில் படும். ஒரு துப்பாக்கிக்குப் பொருந்திய அளவு, அதே அச்சில் வார்த்த இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போவதும் இதனால்தான்.

இந்தச் சாஸ்திரத்துக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் மாஸாசுஸெட்ஸ் மாகாணத்து மில்போர்டு நகரவாசியான டாக்டர் பிராங்க்ளின் மான். வைத்தியப் பட்டம் பெற்ற அவர், குண்டு ஏன் வழி தவறுகிறது என்று கண்டுபிடிப்பதிலேயே பல்லாண்டுகளைச் செலவிட்டார். மனிதக் கை நடுங்கும் என்று கான்கிரீட் தூண் ஒன்றை நாட்டி, அதன்மேல் குழலை இருத்திச் சுட்டார். குண்டு செல்லும் வழி நெடுகக் காகிதத் திரைகளைக் கட்டி, அது துளைத்த துவாரங்களை அளந்தார். குண்டுகளை வேண்டுமென்றே பழுதாக்கியும் சுட்டுப் பார்த்தார். எல்லோரும் கவலைப்படுகிற முனை நசுங்கினால் அவ்வளவு தீங்கில்லை. யாரும் கவனியாத அடிப்புறம் பழுதானால்தான் குண்டு வெகுதூரம் விலகுகிறது என்று கண்டார். 1909-இல் தம் பரீட்சைகளைப் புத்தகமாக வெளியிட்டபோது, பலிக்காதவற்றையும் மறைக்காமல் எழுதினார்.

இப்போது பாடத்துக்கு வருவோம். தேர்ந்த அடைப்பாளன் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றுவான். மருந்தின் அளவை மாற்றினால் குண்டை மாற்றமாட்டான். குண்டை மாற்றினால் கேப்பை மாற்றமாட்டான். இரண்டை ஒருங்கே மாற்றினால் நன்மை எதனால் வந்தது, தீமை எதனால் வந்தது என்று யார் சொல்ல முடியும்? மருந்து செய்கிறவர்கள் அச்சிட்ட அட்டவணையில் குறைந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகவே ஏறுவான். அதில் கண்ட உச்ச அளவை ஒருபோதும் தாண்டமாட்டான். கூடுகளையெல்லாம் விளக்கின்கீழ் வரிசையாக வைத்து, ஒன்றிலே இருமுறை மருந்து விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே குண்டைச் செருகுவான். அங்கே அசட்டையாயிருந்தவனுக்குக் கண்ணோ விரலோ போகும்.

இதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. ஐந்து குண்டு சுட்டு, நான்கு ஒரே துவாரமாய் விழுந்து, ஐந்தாவது தனியே விலகிப் போனால், "அது என் கை செய்த பிழை; அதைத் தள்ளிவிடலாம்" என்று மனம் சொல்லும். நாம் பள்ளிக்கூடத்தில் தினந்தோறும் காண்பது இதுவே. ஒரு பரீட்சையில் தொண்ணூறு மார்க்கு வாங்கிய பையன், அதுவே தன் உண்மையான யோக்கியதை என்றும், மற்ற மார்க்குகளெல்லாம் தற்செயல் என்றும் நம்புகிறான். அவனைப் பெற்றவர்களும் நம்புகிறார்கள். நல்ல அடைப்பாளனோ விலகிய ஐந்தாவது துவாரத்தையும் சேர்த்தே அளப்பான். மறுநாளும் அதற்கு மறுநாளும் சுட்டுப் பார்த்து, எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டுக் குறித்து வைப்பான். வயலிலே அந்த ஐந்தாவது குண்டுதான் பிராணியைக் காயப்படுத்தித் துடிக்கவிடும் என்பது அவனுக்குத் தெரியும்.

துப்பாக்கி நமக்கு வேண்டாம். அந்த நோட்டுப் புத்தகம் மட்டும் நம் வீடு ஒவ்வொன்றிலும் இருந்தால் கெடுதல் ஒன்றுமில்லை.