தனி ஒருவர் சபாநாயகரானார்!

குட்டீஸ், 51 பேர் உள்ள சபையில் எந்தக் கட்சியையும் சேராத ஒரே ஆளாக உட்கார உங்களுக்குத் துணிச்சல் வருமா? ஏ.பி.ராஜாவுக்கு வந்தது!

ஆறுமுகம் பொன்னு ராஜா, 1911ல் மலேயாவில் உள்ள போர்ட் டிக்சனில் பிறந்த தமிழர். இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டில் படித்து, சிங்கப்பூரில் வக்கீலானார். 1959ல் நடந்த சிங்கப்பூர் சட்டசபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். மக்கள் செயல் கட்சிக்கு 43 இடங்கள். சுயேச்சைக்கு ஒன்றே ஒன்று. அது ராஜாதான்!

1964ல் அவரே சபாநாயகரானார். 1965 ஆகஸ்ட் 9ல் மலேசியாவிலிருந்து பிரிந்து சிங்கப்பூர் தனி நாடானது. டிசம்பர் 8ல் கூடிய அதன் முதல் பார்லிமென்டுக்கும் ராஜாதான் சபாநாயகர்.

சபாநாயகரின் வேலை தான் பேசுவதல்ல. எல்லாரையும் பேச விடுவது. தனியாக உட்கார்ந்தவருக்குத்தானே அதன் அருமை தெரியும்!